கரைக்கு ஆறு மணி நேரம்

எங்கள் வீட்டுப் பரணில் இரண்டு பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, பச்சைச் சாயம் பூசிய தகர டிரங்குப் பெட்டி. மூடியில் சின்னத் தாத்தாவின் பெயரும், கள்ளக்குறிச்சி தாலுகா, தென்னாற்காடு ஜில்லா என்று ஊரும் வெள்ளைச் சாயத்தில் கையால் எழுதியிருக்கும். 1950இல் அவரோடு பினாங்கு போய், 1972இல் அவரோடு திரும்பி வந்த பெட்டி. இன்னொன்று அம்மாவின் சக்கரப் பெட்டி. அதன் கைப்பிடியில் அறை எண் அச்சடித்த காகிதப் பட்டை இன்னும் தொங்குகிறது. 2023 ஜூலையில் சென்னைத் துறைமுகத்தில் கட்டிய பட்டை. அதைப் பிய்க்க அம்மா விடவில்லை.

"இருக்கட்டும்ப்பா. அவரு கப்பல் ஏறுனதுக்கு அது சாட்சி. நான் ஏறுனதுக்கு இது சாட்சி."

கடலைப் பார்க்காத ஊர் எங்களுடையது. கல்வராயன் மலையில் பெய்கிற மழைதான் எங்களுக்கும் கடலுக்கும் உள்ள உறவு. கோமுகியும் மணிமுத்தாறும் மலையை விட்டு இறங்கி, வெள்ளாற்றில் சேர்ந்து, பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகின்றன. ஆனாலும் கப்பல் எங்களுக்குப் புதிதல்ல. மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய ஜில்லாக்களில் தஞ்சாவூர், திருச்சி, சேலத்தோடு தென்னாற்காடும் உண்டு. கங்காணிகள் ஊர் ஊராக வந்து ஆள் சேர்த்தார்கள். 1938இல் இந்திய அரசு அதைத் தடுத்த பிறகும், உறவுக்காரர் கடிதத்தை நம்பித் தன் காசில் போனவர்கள் இருந்தார்கள். சின்னத் தாத்தா அப்படிப் போனவர்.

அவர் போன கப்பல் ராஜுலா. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்காக 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்பது அதன் தடம். ஒரு காலத்தில் அதற்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்றிக்கொள்ள உரிமம் இருந்தது. இன்று கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் தீபாவளிக்கு முந்தின இரவு நிற்கிற கூட்டத்தை ஒரு கப்பலுக்குள் வைத்து நினைத்துப் பாருங்கள். டெக் டிக்கெட் என்றால் அறை கிடையாது, கட்டில் கிடையாது. விரித்த பாய்தான் இடம். எழுந்து போனால் பாயை யாராவது காவல் காக்க வேண்டும்.

சின்னசேலத்தில் ரயில் ஏறி விருத்தாசலம், கடலூர், மாயவரம் வழியாக நாகப்பட்டினம் போயிருக்கிறார். அங்கே கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். தோணியில் போய், அலை தோணியைத் தூக்குகிற நேரம் பார்த்து ஏணியைப் பிடித்து ஏற வேண்டும். அந்த இடத்தைச் சொல்லும்போது மட்டும் தாத்தா எழுந்து நின்றுதான் சொல்வார். வலது கையை மேலே நீட்டி, இடது காலைத் தூக்கி, "தண்ணி மேல தூக்குறப்ப ஏறணும். எறங்குறப்ப ஏறுனா போச்சு" என்பார். சிறுவயதில் அந்தக் கதையை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை.

"கப்பல் எப்படி இருந்துச்சு தாத்தா?" என்று கேட்டால் அவருக்குச் சொல்ல அதிகம் இருக்காது. வாந்தி நாற்றம், எண்ணெய் நாற்றம், குழந்தைகள் அழுகை என்று நாலு வார்த்தையில் முடித்துவிடுவார். பினாங்கு வந்த பிறகு நடந்ததைத்தான் நாள்கணக்கில் சொல்வார். டெக்கில் வந்தவர்களை ஜெரஜாக் தீவில் தனிமை முகாமில் வைத்திருந்து அனுப்புகிற வழக்கம் அந்தக் காலத்தில் இருந்தது. அதற்குப் பிறகு தோட்டம், சம்பளம், இருபத்திரண்டு வருட வாழ்க்கை. கப்பல் ஒரு வாரம், கரை ஓர் ஆயுள்.

ராஜுலா 1973இல் கைமாறி, அடுத்த ஆண்டே உடைக்கப்பட்டது. அதன் தடத்தில் எம்.வி. சிதம்பரம் ஓடியது. 1985 பிப்ரவரி 12 அன்று சிங்கப்பூரிலிருந்து திரும்பும் வழியில் அதில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அத்தோடு சென்னை – சிங்கப்பூர் பயணிகள் கப்பல் நின்றுபோனது. ராமேஸ்வரம் – தலைமன்னார் கப்பலும் அதே பத்தாண்டில் இல்லாமல் போயிற்று. அந்தமான் கப்பல் மட்டும் விடாமல் ஓடியது. எங்கள் தலைமுறைக்கு வெளிநாடு என்றால் மீனம்பாக்கம்தான்.

2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்தில் முதல்வர் மு.க. ஸ்டாலின் ஒரு சொகுசுக் கப்பலைக் கொடியசைத்து அனுப்பினார். கார்டீலியா குரூசஸ் நிறுவனத்தின் எம்பிரஸ். விசாகப்பட்டினம், புதுச்சேரி என்று திட்டம். அடுத்த ஆண்டு ஜூன் 5 அன்று அதே கப்பல் இலங்கைக்குப் புறப்பட்டது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று பேப்பரில் படித்ததும் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். திருகோணமலை என்றால் கோணேஸ்வரம். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

இந்தக் கப்பல் 1990இல் நார்டிக் எம்பிரஸ் என்ற பெயரில் கட்டப்பட்டது. ராஜுலா ஏற்றிய கூட்டத்தில் பாதிகூட இதில் ஏறாது. எல்லாருக்கும் அறை, கட்டில், குளியலறை உண்டு. நீச்சல் குளம், அரங்கம், நடுராத்திரியிலும் சாப்பாடு. ஆனால் திருகோணமலையில் நிற்பது ஒரு பகல் மட்டும். தாத்தாவின் கணக்கு அப்படியே தலைகீழாகிவிட்டது. கப்பல்தான் பயணம், கரை அதற்கு நடுவே கிடைக்கிற சில மணி நேரம்.

இது புரியாமல்தான் பலர் ஏமாந்து திரும்புகிறார்கள். ஊரில் விசாரித்தவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்டது அறையைப் பற்றி, சாப்பாட்டைப் பற்றி, ஆட்டம் பாட்டத்தைப் பற்றி. அதெல்லாம் பணம் கட்டினால் தானாக நடக்கும். நாம் யோசிக்க வேண்டியது கரையைத்தான். எந்தத் துறைமுகத்தில் எத்தனை மணிக்கு நிற்கும், எத்தனை மணிக்குக் கிளம்பும், இறங்கினால் எங்கே போவது என்று முதலில் ஒரு தாளில் எழுதிவிட்டு, அதற்குப் பிறகு கப்பலைத் தேர்ந்தெடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். அம்மாவின் தாளில் ஒரே வரி இருந்தது: கோணேஸ்வரர்.

மாதத்தையும் கவனிக்க வேண்டும். கார்டீலியா வருடம் முழுக்கச் சென்னையில் இருப்பதில்லை. தென்மேற்குப் பருவமழையில் மும்பை, கோவா பக்கம் கடல் கொந்தளிக்கும். அந்த மாதங்களில் வங்கக் கடலுக்கு வரும். ஆகவே நமக்கு ஜூனிலிருந்து தொடங்கும் சில மாதங்கள்தான். ஐப்பசி, கார்த்திகையில் புயல் காலம் என்பது கடலூர் ஜில்லாக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த நேரத்தில் கப்பல் கிடைத்தாலும், துறைமுகம் மாறலாம், ஒரு நிறுத்தம் அப்படியே கைவிடப்படலாம். கப்பல் கம்பெனிக்கு அந்த உரிமை உண்டு என்று நாம் கையெழுத்துப் போடுகிற நிபந்தனையிலேயே இருக்கும். 2022இல் புதுச்சேரி என்று நம்பி ஏறியவர்களுக்கு இதுதான் நடந்தது. கப்பலிலுள்ள சூதாட்டக் கூடத்துக்கு எதிர்ப்பு எழுந்து, அரசு அனுமதி தரவில்லை. கப்பல் புதுச்சேரிக்கு வெளியே வந்து நின்றுவிட்டுத் திரும்பியது. கரைக்காகவே டிக்கெட் எடுப்பவர்கள் ஒரே ஒரு துறைமுகத்தை நம்பி எடுக்காதீர்கள்.

விளம்பரத்தில் போடுகிற தொகையைப் பார்த்துக் கணக்குப் போடக்கூடாது. நான் முதலில் போன ஒரு முகவர், அறைக் கட்டணத்தை மட்டும் சொல்லி முன்பணம் வாங்கிக்கொண்டார். துறைமுகக் கட்டணம், வரி, ஊழியர்களுக்கான சேவைத் தொகை என்று ஒவ்வொன்றாகப் பின்னால் வந்தது. கரைச் சுற்றுலா, குளிர்பானம், இணையம், துணி சலவை எல்லாம் தனி. வாய்விட்டுக் கேளுங்கள்: "எல்லாம் சேர்த்து, நான் வீடு திரும்புற வரைக்கும் எவ்வளவு?" எழுத்தில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள். கப்பலில் காசு கைமாறாது. அறைச் சாவியாக ஓர் அட்டை தருவார்கள், அதுதான் பர்ஸ். பிள்ளைகள் கையில் இருக்கும் அட்டைக்குச் செலவு வரம்பு வைக்கச் சொல்லி வரவேற்பில் முதல் நாளே சொல்லிவிடலாம்.

அறையில் நான்கு தரம். ஜன்னலே இல்லாத உள்அறை, கண்ணாடி வழியே கடல் தெரிகிற அறை, பால்கனி அறை, அதற்கும் மேல் பெரிய அறைகள். நாங்கள் உள்அறைதான் எடுத்தோம். மிச்சப் பணத்தைக் கரைக்கு வைத்துக்கொண்டோம். கடலைப் பார்க்க மேல்தளம் இருக்கிறது. அம்மா தினமும் நாலரை மணிக்கு எழுந்து, சால்வையைப் போர்த்திக்கொண்டு மேலே போய் உட்கார்ந்துவிடுவார். இரண்டாம் நாள் விடியலில் நான் தேடிக்கொண்டு போனபோது ஈரமான கம்பியைப் பிடித்தபடி, ஒன்றும் பேசாமல், தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். "இந்தத் தண்ணியில பாயை விரிச்சுப் படுத்துக்கிட்டே போயிருக்காருடா உங்க தாத்தா" என்றார். அன்று நாங்கள் காலைச் சாப்பாட்டுக்குத் தாமதமாகத்தான் இறங்கினோம்.

அறை எடுக்கும்போது தரத்தைவிட இடம் முக்கியம். கப்பலின் நடுப்பகுதி, கீழ்த்தளம் என்றால் ஆட்டம் குறைவு. முனையிலும் மேலேயும் ஆட்டம் அதிகம். உங்களுக்குக் கடல் ஒத்துக்கொள்ளுமா என்று தெரிந்துகொள்ள எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டு வெள்ளிமலை பஸ்ஸில் ஏறுங்கள். அந்த வளைவுகளில் தலை சுற்றி எலுமிச்சம்பழத்தை முகர்கிறவர்கள், கப்பலுக்கு முன்னால் டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கிக்கொள்வது நல்லது. மாத்திரையை வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை. வருவதற்கு முன்னால் போட வேண்டும். வெறும் வயிறு கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. அறையில் சுருண்டு படுக்காமல் வெளியே வந்து தொடுவானத்தைப் பார்த்தால் பாதி சரியாகிவிடும். என் மனைவிக்கு முதல் இரவு அப்படித்தான் சரியானது.

சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளைப் பெரிய பெட்டியில் வைக்காதீர்கள். பெட்டியை முனையத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். அது அறை வாசலுக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். அன்றைய மருந்து, பாஸ்போர்ட், ஒரு மாற்றுத்துணி கைப்பையில் இருக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டி, மின்சாரக் கெட்டில், கத்தி எதுவும் உள்ளே போகாது. வீட்டில் கட்டிய புளிச்சோறும் போகாது. அம்மாவுக்கு அதுதான் பெரிய குறை. தாத்தா ராஜுலாவுக்கு ஒரு தூக்கு நிறைய ஊறுகாய் கொண்டுபோனாராம். இந்தியக் கப்பலில் சைவத்துக்குக் குறைவில்லை. வெளிநாட்டுக் கப்பல் என்றால் டிக்கெட் எடுக்கும்போதே சொல்லி வைக்க வேண்டும். கர்ப்பிணிகளை ஆறாம் மாதத்துக்கு மேல் பெரும்பாலான கப்பல்கள் ஏற்றுவதில்லை. கப்பல் டாக்டரின் கட்டணம் கையைக் கடிக்கும். பயணக் காப்பீடு இல்லாமல் ஏற வேண்டாம்.

கப்பல் கிளம்புகிற அன்றைக்குக் கள்ளக்குறிச்சியிலிருந்து புறப்படுவது பெரிய தவறு. 250 கிலோமீட்டர்தானே என்று தோன்றும். பஸ் இப்போது கிளாம்பாக்கத்தில் நின்றுவிடுகிறது. அங்கிருந்து துறைமுகம் சென்னையின் மறுகோடி. வண்டலூர் போய் மின்சார ரயிலில் கடற்கரை நிலையம் வரை போகலாம், பெட்டிகளோடு சிரமம். எங்களுக்குச் சேலம் – எழும்பூர் இரவு ரயில்தான் கைகொடுத்தது. சின்னசேலத்தில் ஏறிப் படுத்தால் விடிகாலையில் எழும்பூர். அதையும் ஒரு நாள் முன்னதாகச் செய்தோம். தாத்தா ரயில் ஏறிய அதே சின்னசேலம். அம்மா பிளாட்பாரத்தில் நின்று சுற்றிப் பார்த்தார்.

ஏறிய அன்றே எல்லாரையும் ஒரு குறிப்பிட்ட தளத்துக்கு அழைத்து, உயிர்காப்பு அங்கி போடுவதையும், எந்தப் படகில் இறங்குவது என்பதையும் சொல்லித் தருவார்கள். நம்மவர்களில் பாதிப் பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார்கள். தயவுசெய்து கவனியுங்கள். 1912இல் டைட்டானிக் மூழ்கிய பிறகுதான் 1914இல் கடல் பாதுகாப்புக்கு உலக ஒப்பந்தமே வந்தது. 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். சிலருக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதன் பிறகு, கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பியவுடனோ பயிற்சி நடக்க வேண்டும் என்று விதியைத் திருத்தினார்கள். சிதம்பரம் கப்பலின் கதை தெரிந்த ஊர்க்காரர்கள் நாம்.

இப்போது கரை.

அட்டவணையில் காலை எட்டு முதல் மாலை நாலு என்று போட்டிருந்தால் அது உங்களுக்கு எட்டு மணி நேரம் அல்ல. கப்பலைத் துறையில் கட்டி, அதிகாரிகள் அனுமதித்து, உங்கள் முறை வந்து இறங்க ஒரு மணி நேரம் போகும். கிளம்புவதற்கு அரை மணி, ஒரு மணி முன்னதாகவே எல்லாரும் ஏறியிருக்க வேண்டும். ஆக ஆறு மணி நேரம். அதில் ஒரு மணி நேரத்தைத் தொடாமல் கையிருப்பாக வைத்துவிட்டுத்தான் மீதிக்குத் திட்டம் போட வேண்டும். கடிகாரமும் கப்பல் நேரத்தில் ஓட வேண்டும். இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம், குழப்பமில்லை. பினாங்கு, சிங்கப்பூர் பக்கம் போனால் இரண்டரை மணி நேரம் வித்தியாசம். கைபேசி கரையில் ஒரு நேரம் காட்டும், கப்பலில் இன்னொரு நேரம் காட்டும். அதை நம்ப வேண்டாம். நடுக்கடலில் கைபேசியை விமான முறையில் வையுங்கள். கப்பலின் சிக்னலில் தானாக இணைந்துகொண்டால் பில் எகிறும்.

கிலோமீட்டரைப் பார்த்து நேரம் கணக்கிடுவது இன்னொரு பொறி. இது கல்வராயனில் வளர்ந்தவனுக்குத் தெரியும். மலைக் கிலோமீட்டர் வேறு, சமவெளிக் கிலோமீட்டர் வேறு. விசாகப்பட்டினத்தில் இறங்குகிறவர்களை அரக்குப் பள்ளத்தாக்கு இழுக்கும். நூறு கிலோமீட்டருக்கு மேல், அதில் பாதி மலைப்பாதை. எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று தனி வண்டி பிடித்துக்கொண்டு கிளம்பி, பொர்ரா குகையை எட்டும் முன்னரே நேரத்தைப் பார்த்துப் பயந்து திரும்பிவிட்டது. அன்று அவர்கள் பார்த்ததெல்லாம் வண்டியின் முன்கண்ணாடி. அதே ஆறு மணி நேரத்தில் சிம்மாசலம் கோயிலைப் பார்த்து, கடற்கரைச் சாலையில் கரையேற்றி வைத்திருக்கும் குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலுக்குள் ஏறி இறங்கி, நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கலாம்.

அம்பாந்தோட்டையில் இறங்குகிறவர்களுக்குக் கதிர்காமம் போகத் தோன்றும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் வழி. காலையிலேயே இறங்கினால் முடியும், மதியம் என்றால் வேண்டாம். காங்கேசன்துறை நமக்கு வசதி. கீரிமலைக் கேணியும் நகுலேஸ்வரமும் துறைமுகத்தை ஒட்டினாற்போல் இருக்கின்றன. நல்லூர்க் கந்தசாமி கோயிலும், 1981இல் எரிக்கப்பட்டு மறுபடி எழுந்த யாழ்ப்பாண நூலகமும் இருபது கிலோமீட்டருக்குள். நல்லூரில் ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும், கையில் ஒரு துண்டு இருக்கட்டும்.

திருகோணமலையில் எங்கள் நாள் முழுவதும் ஒரே பாறைக்குத்தான். பிரெட்ரிக் கோட்டைக்குள் நுழைந்து, மான்கள் மேய்கிற பாதையில் ஏறினால் சுவாமிமலையின் உச்சியில் கோணேஸ்வரம். 1620களில் போர்த்துக்கீசியர் இடித்த கோயில் திரும்ப எழுந்து நிற்கிறது. கீழே செங்குத்தாகக் கடல். தரிசனம் முடிந்து அம்மா மதில் ஓரமாக உட்கார்ந்துவிட்டார். கன்னியா வெந்நீர் ஊற்று எட்டு கிலோமீட்டர்தான், போகலாமா என்று கேட்டேன். "ஏழு கெணத்துல தண்ணி எறச்சு ஊத்திக்கிட்டு ஓடணும். எதுக்கு? இங்கயே இருப்போம்" என்றார். இரண்டு மணி நேரம் அங்கேயே இருந்தோம். கப்பலின் சுற்றுலாப் பஸ்ஸில் போனவர்கள் அதே நேரத்தில் நாலு இடம் பார்த்தார்கள். அவர்களுக்கு எந்த இடமும் சரியாக நினைவில்லை என்று இரவுச் சாப்பாட்டில் அவர்களே சொன்னார்கள்.

கப்பல் ஏற்பாடு செய்கிற சுற்றுலாவா, நாமே வண்டி பிடிப்பதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். கப்பலுடையது விலை கூடுதல். ஆனால் அந்தப் பஸ் தாமதமானால் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும். நாமே போய்த் தாமதமானால் கப்பல் போய்விடும். அடுத்த துறைமுகத்துக்கு நம் செலவில் போய்ப் பிடிக்க வேண்டும். தூரமான இடத்துக்குக் கப்பல் ஏற்பாடு, பக்கத்து இடத்துக்குச் சொந்த வண்டி என்பது என் அனுபவத்தில் கண்டது. சொந்தமாகப் போகிறவர்கள் கப்பல் முகவரின் தொலைபேசி எண்ணையும் பாஸ்போர்ட் நகலையும் எடுத்துப்போக வேண்டும். சில கப்பல்களில் அசலை வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் ஒரு கேள்வியை மறக்கக் கூடாது. கப்பல் துறைமேடையில் கட்டுமா, வெளியே நங்கூரம் போட்டுச் சிறு படகில் கொண்டுவிடுமா? 2025 ஜூலையில் எம்பிரஸ் ஒருவழியாகப் புதுச்சேரிக்கு வந்தபோது பயணிகளைப் படகில்தான் கரை சேர்த்தார்கள். அந்தச் செய்தியைப் படித்ததும் எனக்குத் தாத்தாவின் தூக்கிய இடது கால் ஞாபகம் வந்தது. படகு இப்போது உறுதியானது, கைகொடுக்க ஆள் உண்டு. ஆனால் அலை அதே அலை. முட்டிவலிக்காரர்களுக்கு அது சிரமம்.

கரையில் இறங்குகிறவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை நான் கப்பலில் கற்கவில்லை, எங்கள் மலையில்தான் கற்றேன். கல்வராயன் நீண்ட காலம் மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. 1976இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. தாத்தா கப்பலேறிய காலத்தில் மலையாளிப் பழங்குடி மக்கள் புளியும் கடுக்காயும் தேனும் தலையில் சுமந்து சந்தைக்கு இறங்கி வருவார்கள். கீழே இருப்பவர்கள் மேலே போவது அபூர்வம். இன்று கரியாலூரில் பூங்காவும் படகுத் துறையும் இருக்கின்றன. மேகம் அருவிக்கும் பெரியார் அருவிக்கும் ஞாயிற்றுக்கிழமை கார்கள் வரிசையாக ஏறுகின்றன. பகலில் வந்து, படம் பிடித்து, ஓட்டல் பொட்டலத்தைப் பாறையில் போட்டுவிட்டு, மாலையில் இறங்கிவிடுகிறார்கள். மலைக்காரர்களிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை, ஒரு படி சாமை வாங்குவதில்லை. அருவிக்கரையில் தேன் பாட்டிலோடு உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தவனுக்கு, திருகோணமலைக் கோயில் வாசலில் பனங்கட்டி விற்கிறவரின் முகம் புதிதல்ல. அங்கே நாமும் ஆறு மணி நேரக்காரர்கள்தான். சாப்பாட்டைக் கப்பலிலேயே முடித்துக்கொண்டு, தண்ணீரும் கப்பலிலிருந்தே கொண்டுபோய், ஒரு பைசா செலவழிக்காமல் திரும்புவதைச் சாமர்த்தியம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. உள்ளூர்க் கடையில் ஒரு தேநீராவது குடியுங்கள். பேரம் பேசாமல் ஒரு பொருளாவது வாங்குங்கள். திருகோணமலையில் நம் மொழியிலேயே பேசுகிறார்கள். எந்த ஊர் என்று கேட்பார்கள். அம்மா "கள்ளக்குறிச்சி" என்றதும் அந்தப் பனங்கட்டிக்காரர், தன் பாட்டனாரும் தென்னாற்காட்டுப் பக்கம்தான் என்றார். கையிருப்பாக வைத்திருந்த ஒரு மணி நேரத்தில் பாதி அங்கேதான் செலவானது.

சொகுசுக் கப்பலுக்கு இவ்வளவு பணம் முடியாது, ஆனால் கடலில் போய்ப் பார்க்க வேண்டும் என்கிறவர்களுக்கு நாகப்பட்டினம் இருக்கிறது. 2023 அக்டோபர் 14 அன்று அங்கிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கியது. இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் சிவகங்கை என்ற கப்பலோடு மறுபடி ஓடத் தொடங்கியது. நாலு மணி நேரத்துக் கடல். புயல் மாதங்களில் ஓடாது. மற்ற நாளிலும் கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ள வேண்டும். யாழ்ப்பாணத்தில் இரண்டு நாள் தங்கித் திரும்பலாம். தாத்தா தோணியேறிய அதே நாகை. அம்மாவின் அடுத்த தாளில் நல்லூர் என்று எழுதியிருக்கிறார்.

வரும் ஜூனில் கப்பல் ஏற எண்ணியிருப்பவர்கள் இன்றைக்கே பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். பயணம் முடிகிற தேதிக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். பெயர், பிறந்த தேதி, தகப்பனார் பெயர் மூன்றும் ஆதாரில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் அம்மாவின் பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தது. அதைச் சரிசெய்யவே எங்களுக்கு வாரக்கணக்கில் ஆனது.